14.1 வோல்ட்டில் நிக்கட்டும்!

வருசநாட்டு ஜீப் ஒன்றின் சீட்டைத் தூக்கிப் பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்! ஜாக்கி, ஸ்பேனர், எண்ணெய்த் துணிக்கு நடுவே, வரிவரியாகப் பள்ளம் ஓடிய அலுமினிய உடம்போடு ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கும். அரசரடி, வெள்ளிமலைப் பக்கம் ஏறுகிற வண்டியில் டீசல் இஞ்சின் இரைச்சலைத் தாண்டிப் பாட்டுக் கேட்க டாஷ்போர்டு செட் மட்டும் போதாது. மேலே ‘50×4’ என்று அச்சடித்திருந்தாலும், அது தொடர்ந்து தருவது சேனலுக்குப் பதினைந்து, இருபது வாட்தான். ஆகவே ஆம்ப். அந்த ஆம்பின் பக்கவாட்டில் நகக்கண் அளவில் ஒரு திருகு. நான் பார்க்கப் போனது அந்தத் திருகைத்தான்!

அதற்குக் கெயின் என்று பெயர். இன்னொரு வால்யூம் என்று நினைத்து அதைக் கடைசி வரை திருகிவிடுகிறவர்கள் நிறையப் பேர். செட்டிலிருந்து எத்தனை வோல்ட் சிக்னல் வரும்போது ஆம்ப் தன் முழு பலத்தைக் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்கிற திருகு அது. 2 வோல்ட் தருகிற செட்டும் உண்டு, 4 வோல்ட் தருகிற செட்டும் உண்டு. இரண்டுக்கும் ஒரே திருகல் சரிவராது. அளவு மீறினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை முழுச் சதுரமாகிவிட்டால், அதே உயரத்துக்கு இரண்டு மடங்கு பவர் போகும். 50 வாட் ஆம்ப், 100 வாட் வரைக்கும் காயிலுக்குள் இறக்கிவிடும்! வெட்டுப்பட்ட இடத்தில் முளைக்கும் கீச்சொலியோ நேரே ட்வீட்டரின் மெல்லிய காயிலைத் தாக்கும். “ஸ்பீக்கர் பொரியுதுண்ணே” என்று வந்து நிற்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்போது நான் நிற்கும் ஆடியோ மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குக் கதவு ஸ்பீக்கர் மாட்ட ஒரு ஜீப் வந்திருக்கிறது. டிரைவர் தம்பி அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டுகிறார். “அண்ணே, 300 வாட்டுண்டு போட்டிருக்கே?”

“அது கண்ணிமைக்கிற நேரம் தாங்குறது தம்பி. கீழ பொடி எழுத்துல ஆர்எம்எஸ் 50ண்டு இருக்கு பாரு, அதான் நமக்குக் கணக்கு.”

ஆம்ப் 75 வாட், ஸ்பீக்கர் 50 வாட் என்றால் சின்னதுக்குத்தான் கணக்கு. 50 வாட்டை ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கினால் 200. அதன் வர்க்கமூலம் 14.1. ஆம்பின் வாயில் அத்தனை வோல்ட் வந்தால் போதும். பள்ளிக்கூடத்து ஓம் விதி ஒரு ஜீப்பின் சீட்டுக்கு அடியில் உயிரோடு இருக்கிறது!

அடுத்து நடந்ததுதான் அருமை. மொத்த வேலையும் சத்தமே இல்லாமல்! முதலில் அண்ணன் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டார். பாஸ் பூஸ்ட் அணைந்தது, ஈக்வலைசர் நடுவுக்கு வந்தது, கெயின் அடிமட்டத்துக்குப் போனது. செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, பென்டிரைவிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டார். ஏன் 400? மலிவு மல்டிமீட்டர் பலவும் ஏசி வோல்ட்டை அதுவரைக்கும்தான் நம்பிக்கையாகக் காட்டும். மீட்டர் கம்பிகளை ஆம்பின் முனைகளில் வைத்து, பொடி ஸ்குரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகினார். 6... 9... 12.8... என் கழுத்து நீண்டுகொண்டே போகிறது. 14.1! “நிப்பாட்டுங்கண்ணே!” என்று கத்தியே விட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே திருகின் மேல் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று ஒயரைத் தடவிப் பார்த்தார். கரட்டுப் பாதையில் குலுங்குகிற வண்டியில் ஒயர் உரசித் தகரத்தில் பட்டால் தீப்பிடிக்கும். ஃபியூஸ் இல்லாமல் ஒரு வண்டியையும் வெளியே விடக் கூடாது என்பேன் நான்.

ஸ்பீக்கரை மாட்டியதும் மூடுபனி. பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவின் நூறாவது படம், 1980. பொன்நிலாப் பாட்டின் கிட்டார் தனித்தனி நரம்பாக வந்து விழுந்தது. எங்கேயும் பொரியவில்லை. அடடா, இந்தக் கதவுக்குள்ளா இத்தனை இருந்தது!

“இன்னங் கொஞ்சம் ஏத்துங்கண்ணே” என்றார் தம்பி. அண்ணன் அசையவில்லை. நானும் அதே கட்சிதான். பவரை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது லேசான வித்தியாசம். ஆனால் அமெரிக்கத் தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். விடிந்ததிலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கிற பிள்ளைக்கு ஸ்பீக்கரை விடக் காது முக்கியம்.

அதற்குள் தேங்காய் ஏற்றுகிற மினி லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் இரண்டு வூஃபர், தலா 250 வாட், 4 ஓம். இரண்டையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 2 ஓம், 500 வாட். பெருக்கினால் 1000.

“வர்க்கமூலம் எவ்வளவு?” என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

“31.6!”

“அப்ப மீட்டரை நீங்க பிடிங்க.”