காலமும் வான்வழியும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குச் செல்பவர்க்கு வழி தவறும் அச்சமில்லை. கோட்டையும் காலி முகத்திடலும் காலி வீதியும் அடையாளமாய் நிற்கின்றன. நடுக்கடலின் மேல், மேகத்திரளுக்கு மேலாகப் பறக்கும் விமானிக்கோ வீதியுமில்லை, அடையாளமுமில்லை. பண்டு தொட்டு அவருக்குத் துணையாயிருந்தவை மூன்று: தூரம், திசை, காலம்.

முதலில் தூரத்தை நோக்குவோம். வான்வழியிற் பயன்படுவது கடல் மைலாகும். பூமியின் நடுவிலிருந்து அளக்கும் கோணத்தில் ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வருவது ஒரு கலை. பூமியின் மேற்பரப்பில் அந்த ஒரு கலை தரும் நீளமே ஒரு கடல் மைல். அது 1,852 மீற்றர். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே நேர்கோட்டில் நாலு கடல் மைலுக்குச் சற்று மேலுண்டு.

அடுத்தது திசை. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையை அடுத்த பலாலி ஏறத்தாழ 178 கடல் மைல். திசையோ பெரும்பாலும் நேர்வடக்கு. மணிக்கு 120 கடல் மைல் வேகத்திற் பறக்கும் விமானமொன்று ஒன்றரை மணித்தியாலத்தில் அங்கு சேரும். ஆனால், மேற்கிலிருந்து கச்சான் காற்று மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வீசுமாயின், வடக்கு நோக்கியே பறந்த விமானம் 30 கடல் மைல் கிழக்கே ஒதுக்கப்பட்டு, பலாலிக்குப் பதிலாக வங்கக் கடலின் மேல் நிற்கும். ஆகவே விமானி தொடக்கத்திலேயே ஏறத்தாழப் பத்துப் பாகை மேற்கே முகந்திருப்பிச் செல்லுதல் வேண்டும். ஆற்றைக் கடக்கும் தோணிக்காரர் நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று மேலே நோக்கி வலிப்பதும் இக்காரணம் பற்றியே.

மூன்றாவதாகிய காலமே ஏனைய இரண்டிற்கும் ஆதாரம். பறந்த வேகத்தைச் சென்ற நேரத்தாற் பெருக்கினாலன்றித் தூரம் தெரியாது. அன்றியும், பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கின்றது. நான்கு வினாடியில் ஒரு கலை சுழல்கின்றது. விண்மீனின் உயரத்தைக் கோணமானியால் அளந்து, அளந்த கணத்தைக் கடிகாரத்திற் குறித்து, பஞ்சாங்க அட்டவணையோடு ஒப்பிட்டே இடம் கணிக்கப்படுகின்றது. கடிகாரம் 16 வினாடி பிழைத்தால், நம் நாட்டையொத்த நிலநடுக்கோட்டுப் பகுதியில், கணித்த இடம் கிழக்கிலோ மேற்கிலோ நாலு கடல் மைல் விலகிவிடும். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் உள்ள தூரமன்றோ அது!

இக்கணக்கில் மனித உயிர்கள் தங்கியிருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலைனாக் கடல் விமானங்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே பறந்தன. வழி 3,000 கடல் மைலுக்கு மேல். பயணம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை நீடித்தது. பகைவர் அறியாதிருக்க வானொலியிற் பேசுதல் தவிர்க்கப்பட்டது. திசைகாட்டியும் கடிகாரமும் விண்மீன்களுமே துணை. இத்தனை நெடிய வழியில் திசை இரண்டு பாகை பிழைத்தால் விலகல் 100 கடல் மைலாகும். இலங்கைத் தீவின் மிகக்கூடிய அகலமே ஏறத்தாழ 120 கடல் மைல்தான். தீவைத் தவறவிட்டால் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்குவதன்றி வேறு வழியில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயத்தைக் கண்டமையால் இவை ‘இரட்டை உதயப் பறப்புகள்’ எனப் பெயர் பெற்றன. 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் தொலையவில்லை.

இன்று செயற்கைக் கோள்கள் வழிகாட்டுகின்றன. எனினும் அவை அனுப்புவதும் காலக் குறிப்பையே. அக்குறிப்பு வந்துசேர எடுத்த நேரமே தூரமாகக் கணிக்கப்படுகின்றது. ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் பிழைக்கும். கருவிகள் மாறின, ஆயினும் தான் நிற்கும் இடத்தை அறிய விரும்புபவன் முதலில் நேரத்தைச் சரியாக அறிதல் வேண்டும் என்னும் விதி மாறவில்லை.