போனவங்கள்ல எத்தனை பேர் நின்னாங்க?

போன இதழில் வேர்க்கடலை பற்றி எழுதினேன். இந்தத் தடவை விளையாட்டு. நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பயந்து அடுத்த பக்கம் போயிடாதீங்க.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபாரம் கொடுத்தார். விளையாட்டு விடுதிக்கான செலக்‌ஷன் ஃபாரம். கால்பந்துக்கு. தேர்வானால் விடுதியிலேயே தங்கி, சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அங்கேயே. நான் அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வாசீஸ்வரர் கோயில் வழியாக ஓடியே வீட்டுக்குப் போனேன். அப்பா இரண்டு முறை படித்தார். ஒண்ணும் சொல்லவில்லை. எங்க ஆயாதான் அரிசி புடைச்சிக்கிட்டே கேட்டுச்சு: "இதுக்கு மின்னாடி போச்சுங்களே, அதுங்கள்ல எத்தினி பேரு நின்னுச்சிங்க?"

எனக்கு பதில் தெரியலை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்க ஊர்க் கணக்கு. நான் ஆறாவது படிக்கும்போது திருப்பாச்சூரிலும் பக்கத்து ஊர்களிலும் சேர்த்து நான்கு அக்காக்கள் விளையாட்டு விடுதிகளுக்குப் போனார்கள். அன்றைக்குப் பள்ளியில் பிரேயரில் கைதட்டினோம். இன்று அந்த நான்கு பேரில் ஒரே ஒருவர்தான் விடுதியில் இருக்கிறார். மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது யாரும் கைதட்டவில்லை. "ஓடி வந்துட்டா" என்றுதான் தெருவில் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் சித்தப்பா பையன் சென்னையில் காலேஜ் படிக்கிறான். அவனிடம் போனில் சொன்னபோது, "இது உங்க ஊர்ல மட்டும் இல்ல, அமெரிக்காவுலயே இப்படித்தான்" என்று ஒரு கணக்கு சொன்னான். அங்கே காலேஜ்களில் அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். நம்ம கால்பந்து இல்லை. பந்து முட்டை மாதிரி இருக்கும், கையில் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. (அதுக்கு ஏன் கால்பந்துன்னு பேரு வச்சாங்களோ!) பெரிய காலேஜ்களில் ஒரு டீமில் உதவித்தொகை வாங்கும் வீரர்கள் 85 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று பல வருடங்கள் விதி இருந்தது. வருடத்துக்குப் புதிதாக 25 பேர் வரை சேர்க்கலாம். இந்த விதிகளை இப்போது மாற்றிவிட்டார்கள். 85 என்ற எண்ணிக்கை 2025-இல் போனது. ஆனால் கணக்கைப் பாருங்க. நான்கு வருடப் படிப்பு. 25-ஐ நாலால் பெருக்கினால் 100. இடமோ 85. அப்போ எல்லோரும் நன்றாகவே ஆடினாலும், யாருக்கும் அடியே படாவிட்டாலும், 15 பேருக்கு இடம் கிடையாது! சிலர் சீக்கிரமே தொழில்முறை அணிக்குப் போவார்கள், சிலர் வேறு காலேஜுக்கு மாறுவார்கள், சிலர் விளையாட்டையே விடுவார்கள். எப்படியோ குறைந்தே ஆகவேண்டும். சேர்க்கும்போதே அது சேர்க்கிறவர்களுக்குத் தெரியும். சேருகிற பிள்ளைக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

இதைக் கேட்ட பிறகு நம்ம நாட்டில் ஒரு பேட்ச்சை எடுத்துப் பார்க்கலாம் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் 2017-ஐ எடுத்துக் கொடுத்தார். அந்த வருடம் அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நம்ம இந்தியாவில் நடந்தது. இந்திய அணியில் 21 பையன்கள். மூன்று ஆட்டத்திலும் தோல்விதான். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. ஆனால் அக்டோபர் 9-ஆம் தேதி டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் கிக் அடிக்க, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டி கோல் போட்டார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல் அது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? ஜீக்சன் முதலில் எடுத்த பையன்களில் இல்லை. 2017 தொடக்கத்தில் பழைய கோச் போய், போர்ச்சுகல் நாட்டு கோச் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்தார். அவர் வந்த பிறகுதான் ஜீக்சன் உள்ளே வந்தார். அப்படியென்றால் அவர் வந்த இடத்தில் முன்னாடி இருந்த ஒரு பையன் வெளியே போயிருப்பான் இல்லையா? அவன் பேர் எங்கேயும் வரவில்லை. கோச் மாறினால் பேட்ச்சும் மாறும். இதில் பையன் தப்பு எங்கே இருக்கு?

சரி, அந்த 21 பேர் பிறகு என்ன ஆனார்கள்? கேப்டன் அமர்ஜித் சிங் 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் பெரியவர்கள் அணிக்கு ஆடினார். அடுத்த பெரிய கேப்டன் இவர்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு இந்தியாவுக்கு அவரைவிட அதிகம் ஆடியவர்கள் ஜீக்சன், சுரேஷ், மிசோரத்தின் அபுயா எல்லாம்தான். அன்வர் அலி கதை இன்னும் பெரிசு. 2019-இல் அவருக்கு இதயத்தில் குறை இருக்கிறது என்று டெஸ்ட்டில் தெரிந்தது. ஆடக்கூடாது என்றார்கள். அவர் டெல்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார். 2021-இல் மறுபடி களத்துக்கு வந்தார். 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக இந்தியாவுக்காக கோலும் போட்டார். நடுவில் அந்த இரண்டு வருடம் யாராவது கணக்கு எடுத்திருந்தால் அவரை "போனவர்" பக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

உலகக் கோப்பை முடிந்ததும் இந்தப் பையன்கள் கலைந்துவிடக் கூடாது என்று இந்தியன் ஆரோஸ் என்ற அணியில் பலரைச் சேர்த்து ஐ-லீக்கில் ஆட வைத்தார்கள். 2017 நவம்பரில் முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று ஜெயித்தார்கள். நம்ம சென்னை தோற்றது வருத்தம்தான், ஆனாலும் நல்ல யோசனை. 17 வயதுக்கும் பெரியவர்கள் டீமுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கு, அதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். அதுக்குப் பாலம் மாதிரி அது இருந்தது. 2022-இல் அந்த அணியையும் மூடிவிட்டார்கள்.

பெண்கள் கதை இதைவிடக் கஷ்டம். இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2020 நவம்பரில் இந்தியாவில் நடக்க இருந்தது. 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடலாம். முகாம் போட்டுப் பயிற்சி எல்லாம் நடந்தது. கொரோனா வந்தது. 2021 பிப்ரவரிக்குத் தள்ளி வைத்தார்கள். பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2022 போட்டியை இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு வயது 2005 ஜனவரி 1 முதல்! 2003, 2004-இல் பிறந்த அக்காக்கள் காயம் படாமல், தப்பு பண்ணாமல், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வெளியே. பிறந்த தேதி மட்டும்தான் காரணம். 2022 அக்டோபரில் புவனேஸ்வரில் வேறு பேட்ச் ஆடியது. அஸ்தம் ஓராவ்ன் கேப்டன். அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5.

பிறந்த தேதி பற்றி இன்னொன்று. வயது கணக்கை ஜனவரி 1-இல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. ஆனால் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் என்றால் உயரம், கால் பலம், வேகம் எல்லாமே மாறும். அதனால் செலக்‌ஷனில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாலைந்து வருடம் போனால் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது முதலில் பெரிய ஆளாக இருந்தவள் சாதாரணமாகத் தெரிவாள். "இவ முன்ன மாதிரி ஆடலையே" என்பார்கள். அவள் அப்படியேதான் ஆடுகிறாள். மற்றவங்க எட்டிப் பிடிச்சிட்டாங்க, அவ்வளவுதான். (நான் நவம்பர். அதனால் எனக்கு இது நல்ல செய்தி!)

இப்போது நம்ம அக்காக்களிடம் வருகிறேன். மூன்று பேரையும் நேரில் போய்ப் பார்த்தேன். பேர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

முதல் அக்காவுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்தது. யாரும் இடிக்கவில்லை. குதித்து இறங்கும்போது கால் திரும்பிவிட்டது. இந்த அடி ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு அதிகம் வருகிறது. இதைத் தடுக்க ஃபிஃபாவே "11+" என்று இருபது நிமிட வார்ம்-அப் வைத்திருக்கிறது. ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, முட்டியை மடித்து மெதுவாக இறங்குவது, இவ்வளவுதான். அக்காவுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லையாம். இப்போது காலை அஞ்சரைக்கு கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார். நான் போனபோது நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல், வாசலிலேயே நின்று எப்படி இறங்கணும் என்று எனக்குக் காட்டினார். பத்து தடவை குதிக்க வைத்தார். முட்டி உள்பக்கம் வளைஞ்சா தலையில் கொட்டினார்.

இரண்டாவது அக்கா வந்ததற்குக் காரணம் விளையாட்டே இல்லை. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன். வீட்டில் இரண்டு தம்பிகள். "ஒரு மாசம்தான்னு வந்தேன்" என்றார். ஒரு மாசம் மூணு மாசம் ஆனது. திரும்பிப் போனபோது இடம் இல்லை. "நீ லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தியாக்கா?" என்று கேட்டேன். "எழுதணும்னு யாரு சொன்னா?" என்றார்.

மூன்றாவது அக்கா முதலில் பேசவே இல்லை. பிறகு சொன்னார். வருடக் கடைசியில் மறுபடி டெஸ்ட் வைத்தார்களாம். அதில் அவர் குறைவு. அப்படி ஒரு டெஸ்ட் இருப்பது சேரும்போது அவருக்கும் தெரியாது, அவங்க அப்பாவுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தபிறகு ஸ்கூல் மாறினதில் சர்டிபிகேட்டுக்காக அலைந்து ஒரு டேர்ம் போய்விட்டது. "ஓடி வந்துட்டான்னு சொல்றாங்களே, என்னை அனுப்பிச்சாங்கடி" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதுக்குன்னு அவருக்குப் புரியவில்லை.

நான்காவது அக்கா விடுதியிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினேன். "எப்படிக்கா நீ மட்டும் நின்ன?" என்று கேட்டதற்கு, தனக்கு அடி படலை, வீட்டில் அண்ணி இருக்காங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னாலும் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான் என்றார். மற்ற மூவரைவிட நல்லா ஆடுவீங்களா என்றும் கேட்டேன். "முட்டி போன அக்காதான் எங்க எல்லாரையும் விட பெஸ்ட்டு" என்றார்.

நிற்பவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். நம்ம தமிழ்நாடு பெண்கள் அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து மறுபடியும். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். டீச்சர் சொல்வது, வேலை ஒன்று கிடைத்தால் இருபது வயதுக்கு மேலும் வீட்டில் விளையாட விடுவார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தார்.

ஆயாவுக்கு பதில் சொன்னேன். "நாலுல ஒண்ணு" என்றேன். "அப்ப வேணாம்" என்றது. மற்ற மூன்று பேர் ஏன் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு அம்மாவுக்கு இப்ப எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டுச்சு.

நேற்று அப்பா பள்ளிக்கு வந்து டீச்சரிடம் நான்கு கேள்வி கேட்டார். நானும் அப்பாவும் ராத்திரி உட்கார்ந்து என் கணக்கு நோட்டில் எழுதினது. மறுபடி டெஸ்ட் எப்போ, எதில் வைப்பாங்க? அடி பட்டா வைத்தியச் செலவு யாருது? வீட்டில் அவசரம் என்றால் எத்தனை நாள் வரலாம், யாருக்கு லெட்டர் எழுதணும்? திரும்பி வந்தா இதே பள்ளியில் இதே வகுப்பில் உடனே சேர்த்துக்குவீங்களா? கடைசிக் கேள்விக்கு டீச்சர் உடனே "சேர்த்துக்குவோம்" என்றார். மற்ற மூன்றுக்கு விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ஃபாரம் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி