பறப்புச் சில்லைக் கழற்றலும் பூட்டலும்

மாலையில் தொழிலுக்குப் புறப்பட்ட படகொன்று நடுக்கடலில் இயந்திரம் நின்று மிதக்கிறது. எரிபொருள் உண்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியும் தெறிக்கிறது. ஆயினும் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் இயந்திரம் இருமுகிறதேயன்றி ஓடவில்லை. சில வேளை கயிற்றைக் கையிலிருந்து பறித்துப் பின்னுக்கு உதைக்கிறது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றுள், முன்னொரு நாள் கரையிலே அவசரமாகச் செய்த ஒரு வேலையால் விளையும் காரணத்தையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

வெளியிணைப்பு இயந்திரத்தின் மூடியைத் திறந்ததும் உச்சியிலே தெரியும் கனத்த தட்டே பறப்புச் சில்லு. ஓட்டத்தைச் சீராக்குவது அதன் ஒரு கடமை. அதன் உள்விளிம்பிற் பதித்த காந்தங்கள், கீழேயுள்ள கம்பிச் சுருள்களைக் கடந்து சுழலும்போது மின் பிறக்கிறது. பொறி தெறிக்க வேண்டிய கணமும் பெரும்பாலான சிறு இயந்திரங்களில் அக்காந்தங்கள் நிற்கும் இடத்தையே பொறுத்தது. நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு, ஒரு செக்கனின் 30,000 இல் ஒரு பங்கே செல்கிறது. ஆகவே, சில்லு தண்டின்மேற் சிறிது விலகினாலும் பொறியின் வேளை பிழைத்துவிடும்.

சில்லைத் தண்டோடு பிணைத்திருப்பது எது? நட்டு என்பார் சிலர்; 'கீ' எனப்படும் அரைத்திங்கள் வடிவான இரும்புத் துண்டு என்பார் வேறு சிலர். உண்மையில், தண்டின் நுனி கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது; சில்லின் துளையும் அதே கூம்பு. நட்டை இறுக்க, கூம்பைக் கூம்பு கவ்விக்கொள்கிறது. சுமையைத் தாங்குவது அந்தக் கவ்வுதலே. கீயோ சில்லு அமரவேண்டிய இடத்தைக் காட்டுவது மட்டுமே. பிடி தளர்ந்தால் அத்துண்டு வெட்டுண்டுபோகும். நான் முதலிற் சொன்ன படகின் கதை அதுதான்.

கழற்றுமுன் மின்கலத்தின் கம்பியையும் பிளக்குகளையும் எடுத்துவிடுக. சில்லைப் பட்டியாலோ அதற்குரிய பிடிகருவியாலோ அசையாது பிடித்து நட்டைத் தளர்த்துக. பல்லிடையே ஸ்குரூ டிரைவரைச் செருகுவோர் பல்லை உடைப்பர். நட்டை முற்றாக எடுத்துவிடாமல், அதன் முகம் தண்டின் நுனியோடு சமமாகும்வரை விட்டுவைக்கவேண்டும். புரியும் காக்கப்படும், சில்லு திடீரெனத் துள்ளி விழவும் மாட்டாது. பின்னர் 'புல்லர்' என்னும் இழுகருவியின் போல்ட்டுகளைச் சில்லின் நடுவேயுள்ள துளைகளில் ஒரே அளவு ஆழமாகச் செலுத்தி, நடுத்திருகை இறுக்குக. விளிம்பிற் கொக்கி மாட்டி இழுத்தால் சில்லு வளையும். இறுக்கியும் விடாவிட்டால், நடுத்திருகின் தலையில் இலேசாக ஒரு தட்டு. வெடித்தாற்போன்ற ஓசையுடன் பிடி விடும்.

சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டின் நுனியில் ஓங்கி அடிக்கும் வழக்கம் கரையோரங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பல சிறு இயந்திரங்களின் தண்டு, துண்டு துண்டாக அழுத்திப் பொருத்தப்பட்டது. ஓரடியில் அது நேர்பிசகினால் போல்பெயாரிங்குகளும் அதன் பின்னே செல்லும். சில்லை அடித்தால் காந்தம் வெடிக்கும். ஒரு புல்லரின் விலையை மிச்சம் பிடித்து ஒரு தண்டின் விலையைக் கொடுப்பது என்ன சிக்கனமோ!

பூட்டும்போது இரு கூம்புகளையும் துடைத்து உலர்த்துக. கைந்நூல் வேறு கூறினாலன்றி எண்ணெயோ கிரீசோ பூசலாகாது; ஈரமற்ற இரும்பே நன்கு கவ்வும். கீயில் சிறு வெட்டு இருந்தாலும் புதியதை இடுக. சில்லின் உட்புறத்தை விரலாலே தடவிப் பார்த்தல் மிக அவசியம். மேசையிற் காணாமற்போன வாசர், இரும்புத்தூள் யாவும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சுருளைக் கிழித்துவிடும். நட்டை, செய்தோர் குறித்த அளவுக்கு, முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பனரால் இறுக்கவேண்டும். அவ்வளவு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். கைமதிப்பு இங்கு உதவாது.

பிளக்குகளைப் போடுமுன், சில்லைக் கையாலே இரண்டு மூன்று முறை சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கேனும் உரசும் ஒலி எழுந்தால், படகு இன்னும் கரையிலேதான் இருக்கிறது. மீண்டும் கழற்றிப் பார்க்கலாம்.