கட்டுமான ஒப்பந்தக்காரர் உரிமம்

கட்டுமான ஒப்பந்தக்காரர் உரிமம் என்பது, ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலையில் அமர்த்தும் ஒப்பந்தக்காரர் அரசிடம் பெற வேண்டிய அனுமதி ஆகும். இது ஒருவரின் கட்டிடத் திறமைக்கு அளிக்கப்படும் சான்றன்று. தொழிலாளரின் கூலியையும் பாதுகாப்பையும் உறுதி செய்வதற்கான ஏற்பாடு ஆகும். பொதுப்பணித் துறையில் ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்துகொள்வது இதனின்றும் வேறானது.

வரலாறு

ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குபடுத்துதல் மற்றும் ஒழித்தல்) சட்டம், 1970, இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை அமர்த்தும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என விதித்தது. கட்டிடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் 1996 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இவ்விரண்டுக்கும் மாற்றாக, பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

உரிமமும் விலக்குகளும்

புதிய தொகுப்பின்படி, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தும் ஒப்பந்தக்காரருக்கே உரிமம் தேவை. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்வருவன விலக்குப் பெறுகின்றன:

* ஐம்பதுக்கும் குறைவான ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவோர்.
* இடைவிட்டு நிகழும் அல்லது தற்காலிகமான வேலைகள். ஆண்டில் 120 நாட்களுக்கு மேல் நடந்த வேலையும், பருவகால வேலையாயின் 60 நாட்களுக்கு மேல் நடந்த வேலையும் இவ்விலக்கில் அடங்கா.

இவையன்றி, பத்துக்கும் குறைவான தொழிலாளர் ஈடுபடும் வேலையும், ஒருவர் தாம் குடியிருக்க 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் கட்டும் வீடும் 'கட்டிட வேலை' என்னும் வரையறைக்கே புறம்பானவை. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வரம்பு பத்து இலட்சமாக இருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டத்தின் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் வீடு கட்டும் வேலையை ஒரு கொத்தனார் அல்லது மேஸ்திரி, சில சித்தாட்களையும் கம்பி கட்டுவோரையும் சேர்த்துக்கொண்டு ஏற்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, எட்டுப் பேருடன் ஒரு வீட்டைக் கட்டும் மேஸ்திரிக்கு உரிமம் தேவையில்லை. அறுபது ஒப்பந்தத் தொழிலாளருடன் ஒரு கல்லூரிக் கட்டிடத்தை எழுப்புபவருக்கு உரிமம் கட்டாயமாகும்.

குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு வேலைக்குச் செல்வோரும் உளர். வேறு மாநிலத்திலிருந்து வந்த பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்துக்கு, புதிய தொகுப்பில் இடம்பெயர் தொழிலாளர் பற்றிய பகுதி பொருந்தும். 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வெண்ணிக்கை ஐந்தாக இருந்தது.

விலக்கின் விளைவு

உரிமம் பெறும் ஒப்பந்தக்காரர் காப்புத்தொகை செலுத்துகிறார். அவர் கூலி தரத் தவறினால், அத்தொகையிலிருந்து கூலியை வழங்க அரசு ஆணையிடலாம். விலக்குப் பெற்ற மேஸ்திரியிடம் பணிபுரிவோருக்கு இந்தக் காப்பு இல்லை.

எனினும், உரிமத்திலிருந்து விலக்கு என்பது கடமையிலிருந்து விலக்கு ஆகாது. குறைந்தபட்சக் கூலி, உரிய காலத்தில் கூலி வழங்குதல் ஆகியவை ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை அல்ல. வேலையளிப்பவர் கூலி தரத் தவறின், நிறுவனத்தின் உரிமையாளரே அதற்குப் பொறுப்பாவார் என ஊதியச் சட்டத்தொகுப்பு (2019) கூறுகிறது. சாரத்திலிருந்து விழுந்து காயமுற்றவருக்கு இழப்பீடு தரும் கடமையும் ஐம்பது பேர் என்னும் வரம்பைச் சார்ந்ததன்று.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இதில் தொழிலாளர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்வதால், மேஸ்திரிகள் மாறினாலும் பதிவு தொழிலாளரிடமே இருக்கும்.