சிவிஇ-2015-5307

சிவிஇ-2015-5307 என்பது எக்ஸ்86 வகைச் செயலிகளில் இயங்கும் மெய்நிகராக்க மென்பொருட்களில் கண்டறியப்பட்ட ஒரு பாதுகாப்பு வழு ஆகும். மெய்நிகர் கணினி ஒன்றின் உள்ளிருந்தே அதனைத் தாங்கும் கணினியை முடக்க இவ்வழு இடமளித்தது. ஆகவே இது சேவை மறுப்புத் தாக்குதல் வகையைச் சார்ந்தது. சென், லினக்ஸ் கருனியின் பகுதியான கேவிஎம், மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி ஆகியன இதனால் பாதிப்புற்றன. கூகிளைச் சேர்ந்த பெஞ்சமின் செரெப்ரின் இதனைக் கண்டறிந்தார். 2015 நவம்பர் 10 அன்று இது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது.

பின்னணி

நிரல் ஒன்று இயங்கும்போது தவறு நேர்ந்தால் செயலி அதனை நிறுத்தி, இயங்குதளத்திலுள்ள கையாளியிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். இந்நிகழ்வு விதிவிலக்கு எனப்படும். 4 பைட்டு எண் ஒன்றின் நினைவக முகவரி நான்கால் வகுபடாதபோது எழுவது சீரமைவுச் சோதனை விதிவிலக்கு ஆகும். 80486 செயலியில் அறிமுகமான இது, அச்சோதனை இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே எழும். இதன் எண் 17.

செயற்படும் முறை

கையாளியை அழைக்கும் முன்னர், செயலி தன் நிலையை அடுக்கில் எழுதி வைக்கும். 32-பிட் விருந்தினர் இயங்குதளம் இவ்விதிவிலக்கிற்குரிய கையாளியைப் பயனர் நிலையிலேயே அமைத்து, அடுக்கின் முகவரியையும் சீரற்றதாக வைத்திருப்பதாகக் கொள்வோம். அப்போது அடுக்கில் எழுதும் முயற்சியே மீண்டும் அதே விதிவிலக்கை எழுப்பும். அதனை ஒப்படைக்க முயன்றால் மற்றொன்று எழும். இவ்வாறு சுழற்சி முடிவின்றித் தொடரும்.

பக்கப் பிழை போன்ற கடும் விதிவிலக்குகள் இவ்வாறு அடுக்கடுக்காக நேர்ந்தால், செயலி அவற்றை இரட்டைப் பிழையாகவும் பின்னர் மும்மைப் பிழையாகவும் கருதி நின்றுவிடும். சீரமைவுச் சோதனை விதிவிலக்கோ தீங்கற்ற வகையில் சேர்க்கப்பட்டிருப்பதால் அந்த வரம்பு இதற்குப் பொருந்தாது. மேலும், செயலி குறுக்கீடுகளை ஓர் ஆணை முடிந்த பின்னரே கவனிக்கும். இங்கு ஆணை முடிவதே இல்லை. எனவே கடிகாரக் குறுக்கீட்டாலும் ஹைப்பர்வைசர் கட்டுப்பாட்டை மீட்க இயலாது.

விளைவுகள்

தனிக் கணினியில் இத்தகைய நிரலை இயக்குபவர் தம் கணினியையே முடக்கிக்கொள்வார். மேகக் கணிமையில் நிலைமை வேறு. ஒரே வழங்கியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், ஒருவரின் செயல் ஏனையோரையும் தாக்கும். செயலிக் கருவொன்று காலவரையின்றிப் பயனற்றுப் போகலாம். கண்காணிப்புக் கடிகாரம் இயக்கப்பட்டிருப்பின் முழு வழங்கியும் மறுதொடக்கம் ஆகலாம். எனினும் பிறருடைய தரவுகளைப் படிக்கவோ மாற்றவோ இவ்வழு உதவாது. தாக்குபவருக்கு விருந்தினர் இயங்குதளத்தின் மேலாளர் உரிமை தேவை. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் அவ்வுரிமை வாடிக்கையாளரிடமே இருக்கும்.

தொடர்புடைய வழு

சூசே நிறுவனத்தைச் சேர்ந்த யான் பியூலிச் கண்டறிந்த சிவிஇ-2015-8104 இதனை ஒத்தது. அதில் வழுநீக்க விதிவிலக்கு பயன்படுத்தப்படுகிறது. அவ்விதிவிலக்கை ஒப்படைக்கத் தேவையான தரவின் மீதே வன்பொருள் நிறுத்தப் புள்ளி ஒன்றை வைத்தால், ஒப்படைப்பு முடிந்தவுடன் அடுத்த விதிவிலக்கு எழும்.

தீர்வு

இவ்விரு விதிவிலக்குகளும் எழும்போதெல்லாம் ஹைப்பர்வைசரே முதலில் இடைமறிக்குமாறு மென்பொருட்கள் திருத்தப்பட்டன. இதனால் சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் திரும்புகிறது. சென் மென்பொருளில் வன்பொருள் துணையின்றி இயங்கும் பகுதி மெய்நிகராக்க விருந்தினர்களும், ஆர்ம் செயலிகளும் பாதிப்புக்கு உட்படவில்லை.

பின்னர் இன்டெல், விருந்தினர் இயங்குதளம் குறித்த காலத்திற்கு மேல் குறுக்கீடுகளுக்கு இடமளிக்காவிட்டால் ஹைப்பர்வைசருக்கு அறிவிக்கும் வசதியைச் செயலியிலேயே சேர்த்தது. 2022இல் வெளியான லினக்ஸ் 6.0 கருனியில் கேவிஎம் இவ்வசதிக்கு ஆதரவு பெற்றது.