குறும்பும் பகிடியும்

வீட்டுக்கு விருந்தினர் வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் அத்துணை உற்சாகம் பிறக்கின்றதோ! கதிரைகள் கவிழும், மாமாவின் மூக்குக்கண்ணாடி காணாமற் போகும். "குழப்படி செய்யாமல் இரு, ராசா" என்று தாய் அதட்டுவாள். அவ்வதட்டலிலே சினம் கால், பெருமை முக்கால்.

ஈழத்திலே நாம் 'குழப்படி' என்பதைத் தமிழகத்தார் பெரும்பாலும் 'குறும்பு' என்பர். 'சேட்டை' என்பாரும் உளர். சேட்டை என்பதற்கு வடமொழியில் அசைவு, செயல் என்பனவே பொருள். ஓரிடத்தில் இராத பிள்ளைக்கு இதனிலும் பொருத்தமான சொல் வேண்டுமோ?

குறும்பு என்னும் சொல்லின் பழைய வரலாறு வியப்புக்குரியது. இன்று மழலையோடு சேர்த்துப் பேசப்படும் இச்சொல், முற்காலத்திலே அரணையும் குறுநிலத் தலைவரையும் உணர்த்திற்று. வள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தின் 735ஆம் குறளிலே, நல்ல நாட்டில் இருத்தலாகாதவற்றைக் கூறுமிடத்து, வேந்தனை அலைக்கழிக்கும் கொலைத்தொழிற் குறும்பரையே இச்சொல்லாற் குறித்தார். அரசரை வருத்திய சொல் அன்னையர் மடியில் வந்து அமர்ந்துவிட்டது!

ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே 'சிற்றில்' எனத் தனிப் பருவமே உண்டு. சிறுமியர் மணலிற் கட்டிய சிறுவீட்டை ஆண்பிள்ளை காலால் அழிக்க வருவான். அழியாதே என்று அவர்கள் இரப்பர். பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் முருகனே அப்பிள்ளை. படிப்போர்க்கு இன்பந்தான். ஆயினும், வீடு கட்டியவளுக்கும் அது விளையாட்டாய்த் தோன்றியிருக்குமா என்பது நம் ஐயம்.

இவ்வையத்தோடு 'பகிடி' என்னும் சொல்லை நோக்குவோம். பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு. கேட்டவரும் சேர்ந்து சிரித்தாற்றான் அது பகிடி. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலோ, புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்துஞ் செயல் 'பகிடிவதை' எனப் பெயர் பெற்றுவிட்டது. குறும்பு கொடுமையிலிருந்து விளையாட்டுக்கு வந்தது. பகிடியோ விளையாட்டிலிருந்து கொடுமைக்குப் போயிற்று. "பகிடிக்குத்தானே செய்தோம்" என்பது செய்தவர் கூறும் சமாதானம். சிரித்தவர் யார் என்று கேட்டால் விடை வராது.

மூத்த மாணவராகிவிட்ட பிள்ளைகளையுடைய பெற்றோர் இதனைக் கவனித்துப் படிப்பார்களாக. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை புரிவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைவித்தாற் பத்து ஆண்டுகள் வரை.