மைக்கை யார் பிடிப்பது?

ஆடி மாதம் ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் போயிருக்கிறீர்களா? தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் திருவிழா, அதற்கொரு மைக்செட். அம்மன் பாட்டு அலறும்போதே, 'சிவப்பு கவுன் போட்ட பாப்பாவைக் காணோம்' என்று அறிவிப்பும் வரும். பாட்டு நிற்காது, கொஞ்சம் அமுங்கும். மைக்செட்காரர் கையிலிருக்கும் மிக்ஸரின் உபயம்!

இந்த மிக்ஸர் இல்லாமலேதான் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பல வருஷம் ஓடின. 'ஓ.எஸ்.எஸ்.' என்ற பழைய ஏற்பாட்டில், ஒலி வெளியே போக ஒரே வாசல். முதலில் திறந்த புரோகிராமுக்கே அது சொந்தம். மற்றதெல்லாம் வாய்பொத்தி நிற்க வேண்டியதுதான். (சில உசத்தியான சவுண்ட் கார்டுகள் தாங்களே கலந்து கொடுக்கும். மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அந்த ரகமில்லை.)

ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் என்றால் குடியா முழுகிவிடும்?

பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த நண்பர் ஒருவர் இப்போது அம்பத்தூரில் குடியிருக்கிறார். 'ஓர்கா' என்ற இலவச மென்பொருள் திரையில் இருப்பதை வாசிக்க, காதால் கேட்டே வேலை பார்க்கிறார்.

"உங்களுக்கு மானிட்டர் அணைஞ்சா எப்படியோ, எனக்கு சவுண்ட் போனா அப்படி சார். அப்பல்லாம் ஒரு பாட்டு போட்டாப் போதும், ஓர்கா ஊமையாயிடும். சரி, பாட்டை நிறுத்தலாம்னா... நிறுத்துற பட்டன் எங்கேன்னு யாரு சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பார்வையற்ற விஞ்ஞானி டி.வி.ராமன், பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1995-ல் 'ஈமேக்ஸ்பீக்' என்ற பேசும் மென்பொருளை வெளியிட்டார். அதற்குக் குரல் கொடுத்தது 'டெக்டாக்' என்ற தனிக் கருவி. சவுண்ட் கார்டோடு வழக்கே இல்லை. ஆனால், தனிக் கருவிக்குத் தனிக் காசு ஆச்சே!

2003 டிசம்பரில், 2.6 கெர்னலோடு 'ஆல்சா' சேர்ந்தது. அதிலுள்ள 'டிமிக்ஸ்' ஒரு மிக்ஸர்தான். ஆனால், பழைய புரோகிராம்கள் அதைச் சட்டை செய்யாமல் நேரே வாசலைப் பிடித்துக்கொண்டன. பிறகு 'பல்ஸ் ஆடியோ' என்ற தரகர் வந்தார். 2007-ல் ஃபெடோரா, 2008-ல் உபுண்டு அவரை வேலைக்கு வைத்துக்கொண்டன.

தரகர் செய்வது சாதாரணக் கூட்டல்! கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது வெறும் எண்கள். சி.டி. பாட்டில் ஒரு செகண்டுக்கு, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். பாட்டின் எண்ணையும் ஓர்காவின் எண்ணையும் கூட்டி, விடையை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் இரண்டும் சேர்ந்து கேட்கும். ஒருவர் 44,100, இன்னொருவர் 48,000 என்று வந்தால் முதலில் ஒரே கணக்குக்கு மாற்ற வேண்டும். கூட்டுத்தொகை 32,767-ஐத் தாண்டினால் தலை வெட்டுப்படும். காதில் கரகரவென்று விழும்.

தரகர் என்றால் கமிஷன் உண்டே? இங்கே கமிஷன், நேரம். எண்களைச் சேர்த்துவைத்து அனுப்புவதில் ஒரு தாமதம். சினிமாப் பாட்டுக்கு அது உறைக்காது. தட்டிய எழுத்து எதுவென்று காதால் சரிபார்க்கிறவருக்கு உறைக்கும். ஆரம்ப வருஷங்களில் பல்ஸ் ஆடியோ வாங்கிய திட்டுக்கும் குறைவில்லை.

விம் டேமன்ஸ் எழுதிய 'பைப்வயர்' 2021-ல் ஃபெடோராவில் அந்த இடத்துக்கு வந்தது. பல்ஸ் ஆடியோவுக்கென்று எழுதிய புரோகிராம்களையும் ஏற்றுக்கொள்கிறது. தாமதத்தையும் வெகுவாகக் குறைக்க முடிகிறது.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி வால்யூம் வைக்கலாம் என்பதுதான் நண்பருக்குப் பிடித்த வசதி. ஓர்காவுக்கு நூறு, பாட்டுக்கு நாற்பது.

"கிரிக்கெட் கமென்ட்ரிக்கு?" என்றேன்.

"அதுக்கு நூறு சார். கடைசி ஓவர்னா ஓர்காவுக்கு நாற்பது!"